குவியலைக் கலைக்கக் கூடாது

லிசென்சியாதோ பாயிஸ் பதவியேற்றதும் செய்த முதல் காரியம், கட்டடத்திலிருந்த தூரிகைகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டியதுதான். பத்து வருஷமாக இளம்பிள்ளைகள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, அந்தத் தூரிகைகளால் பழைய போலீஸ் காகிதங்களிலிருந்து வௌவால் எச்சத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை முந்தின வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. தூரிகைகளுக்குத்தான் போக இடமில்லை.

குவாத்தமாலாவில் பட்டம் வாங்கியவரை லிசென்சியாதோ என்று கூப்பிடுவது மரியாதை. பட்டம் வாங்கினாரா என்று தெரியாதவரையும் அப்படியே கூப்பிடுவது ஜாக்கிரதை. பாயிஸ் இரண்டுக்கும் பொதுவானவர். அரசாங்கம் மாறியதும் அந்தக் கட்டடத்துக்கு 'தேசிய நினைவுப் பாதுகாப்பு இயக்குநரகம்' என்று பெயர் வைத்து அவரிடம் சாவியைக் கொடுத்தார்கள். பாதுகாப்பு என்ற சொல்லை அவர் மனப்பூர்வமாக நம்பினார். அதில்தான் வினையே.

உள்நாட்டுப் போர் நடந்த முப்பத்தாறு வருஷமும் போலீஸ் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைத்தது. யாரைப் பிடித்தோம், எந்த முக்கில் பிடித்தோம், சட்டைப்பையில் என்ன இருந்தது, கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்று அட்டை அட்டையாக எழுதியது. எழுதி முடித்து, அந்த ஆளே கிடையாது என்று வீட்டுக்காரர்களிடம் சொன்னது. சமாதானம் வந்து வெகுநாள் கழித்து வேறேதோ வேலையாகப் போனவர்கள் இந்தக் கட்டடத்தைத் திறந்தபோது, தரையிலிருந்து கூரைவரை காகிதமாகக் கிடந்தது. ஆளைக் காணாமலடித்தவர்களுக்குக் காகிதத்தைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை போலும்.

அந்தக் காகித மலைக்குள் ஒத்தீலியா சிகாயின் தம்பியும் இருந்தான்.

ஒத்தீலியாவுக்கு அறுபத்துமூன்று வயது. சந்தைக்குப் பின்புறம் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தம்பி ருபேலியோ அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். இருபது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தவனை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாற்பது வருஷமாக ஒத்தீலியா போகாத ஸ்டேஷன் இல்லை, பார்க்காத பிணவறை இல்லை. எங்கு போனாலும் ஒரே பதில்தான்: அப்படி ஒரு ஆளை நாங்கள் கண்ணாலும் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தூரிகைப் பிள்ளைகளில் ஒருத்தி அவளுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, மேஜையில் ஒரு அட்டையை வைத்தாள். மேலே ருபேலியோவின் முழுப்பெயர். நடுவில் பத்து விரல்களின் ரேகை. கீழே கமிஷனர் அபுந்தியோ சாந்திசோவின் கையெழுத்து, சுழித்துச் சுழித்து. அதற்கு மேல் ஒத்தீலியாவால் எதுவும் படிக்க முடியவில்லை. அழுது முடிப்பதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த அட்டையை வைத்துத்தான் சாந்திசோ மேல் வழக்கே பதிவானது. இப்போது நீதிமன்றம் மே மாதம் ஒன்பதாம் தேதிக்குள் அட்டையின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்டது. நகல் வந்தால் விசாரணை. வராவிட்டால் சாந்திசோவுக்கு விடுதலை. ருபேலியோவை எங்கே போட்டார்கள் என்று பிறகு யாரும் யாரையும் கேட்க முடியாது.

இயக்குநரகத்தின் மூன்றாம் ஜன்னலில் மிர்சா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். சாமி கும்பிடுகிறவள். ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கு மிட்டாய் கொடுப்பாள்.

"யார் பேர்ல இருக்கும்மா அட்டை?"

"என் தம்பி பேர்ல. ருபேலியோ சிகாய்."

"அப்ப அவர்தான் வந்து கேக்கணும். தனிநபர் விவரம் பாருங்க, அடுத்தவங்ககிட்டக் குடுக்க மாட்டோம்."

"அவனப் போலீஸ் புடிச்சிட்டுப் போயி நாப்பது வருஷமாச்சு. அதனாலதான அட்டையே இருக்கு!"

மிர்சா அனுதாபத்தோடு தலையாட்டிக்கொண்டே படிவத்தைத் திருப்பினாள். "நேரில் வர இயலாமைக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'வெளியூர்'னு போடவா, 'உடம்பு சரியில்ல'ன்னு போடவா?"

"ரெண்டும் இல்லம்மா."

"ரெண்டுதாம்மா இருக்கு. சரி, வெளியூர்னு போட்டுக்கறேன், மனசுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். இறப்புச் சான்றிதழ் இருந்தா கொண்டாங்க. இல்லையா, உயிரோட இருக்கார்னு ஒரு சான்றிதழ் கொண்டாங்க. எதுன்னாலும் சரி. நாங்க ஒண்ணும் பிடிவாதக்காரங்க இல்ல."

ஒத்தீலியா பதிவகத்துக்குப் போனாள். இறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால், கடைசியாக அவன் யார் கையில் இருந்தான் என்பதற்கு அரசாங்கக் காகிதம் வேண்டும் என்றார்கள். அந்தக் காகிதம் இயக்குநரகத்தில் இருக்கிறது என்றாள். அப்படியானால் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டுபோய், அந்தக் காகிதத்தை வாங்கிக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார்கள். யோசனை சொன்னவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

உயிருடன் இருக்கும் சான்றிதழோ மூன்று நிமிஷத்தில் கிடைத்தது. செத்ததாகப் பதிவாகாதவர் எல்லாரும் அந்த மெஷினுக்கு உயிரோடு இருப்பவர்கள்தான். 'ருபேலியோ சிகாய், வயது ஐம்பத்தொன்பது, மணமாகாதவர், உயிருடன் உள்ளார்' என்று அச்சடித்து, பச்சை முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது ஒத்தீலியா அதை நாலு தடவை படித்தாள். பொய் என்று தெரியும். அவளைவிட அது யாருக்குத் தெரியும்? இருந்தும் ஐந்தாவது தடவை படிக்கையில் தம்பிக்கு ஐம்பத்தொன்பது வயதில் வழுக்கை விழுந்திருக்குமா, அப்பாவைப்போல முன்பக்கமா, மாமாவைப்போல உச்சியிலா என்று நினைப்பு ஓடிவிட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். வெயிலில் திரும்பி நடந்து வருகையில் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சான்றிதழைப் பார்த்ததும் மிர்சாவுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! சும்மா கவலப்பட்டுக்கிட்டுக் கெடந்தீங்க. உயிரோட இருக்காருல்ல? ஒரு எட்டு வரச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேல."

அரசு வழக்கறிஞர் என்று ஒருவர் இருந்தார். நானூறு வழக்கும் ஒரு வயிற்றுப் புண்ணும் உடையவர். ஒத்தீலியா போய் அவர் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு, நீதிமன்றத்திலிருந்து ஒரு உத்தரவு வாங்கிக் கொடுத்தார். அந்த உத்தரவோடு போனபோதுதான் இயக்குநரே அவளைப் பார்க்கச் சம்மதித்தார்.

பாயிஸ் எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது. முக்கி எடுத்துத் தின்னச் சம்புர்ராதா பிஸ்கட்டும் வந்தது. உத்தரவை வாங்கி உதட்டில் ஒற்றிக்கொண்டார்.

"கோர்ட் உத்தரவுன்னா எங்களுக்குப் பெத்த தாய் மாதிரிம்மா. கண்டிப்பா மதிப்போம். ஆனா நீங்க முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்தக் காகிதமெல்லாம் இத்தன வருஷம் எப்படித் தப்பிச்சுது?"

ஒத்தீலியா தெரியாது என்றாள்.

"யாரும் பாக்கல! அவ்ளோதான் ரகசியம். மழ ஒழுகுச்சு, எலி கடிச்சுது, ஒண்ணும் ஆகல. பாக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்பதான் சேதமே. பத்து வருஷத்துல எட்டு ஆபீசருங்க ஜெயிலுக்குப் போயிட்டாங்க. இதுக்குப் பேரு பாதுகாப்பா? கைக்குழந்தைக்குக் கண்ணு பட்டா என்ன செய்வீங்க?"

"சிவப்புக் கயிறு கட்டுவோம்."

"கட்டிட்டேன்," என்றார் பாயிஸ். "எல்லாப் பெட்டிக்கும்."

உண்மைதான். வருகிற வழியில் நடைகூடம் முழுக்கப் பெட்டிகள், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிய கைக்குழந்தைகள்போல, வரிசையாக இருந்ததை ஒத்தீலியா பார்த்திருந்தாள். ஆனால் பெட்டிகள் காலியாக இருந்தன. அது ஏன் என்பதை இயக்குநர் அவளைக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய கூடம். கூடத்தின் நடுவே, தலைக்கு மேல் உயரமாக ஒரு காகிதக் குவியல். வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்ட எட்டுப் பேர் அதைச் சுற்றி ஏணியில் நின்றார்கள். ஒருவர் கையில் ஒரு பழைய புகைப்படம். அதைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் சுத்தமாக நீவி வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, கசக்கி, இடுக்கியால் பிடித்துக் குவியலில் சொருகினார்கள். ஒரு பெண் குப்பியிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஆவணக்கலையில இது அடிப்பட விதிம்மா," என்றார் பாயிஸ், குரலைத் தாழ்த்தி. "கண்டெடுத்தப்ப என்ன ஒழுங்குல இருந்துச்சோ, அந்த ஒழுங்கக் கலைக்கக் கூடாது. இது குவியலாத்தான கெடச்சுது? அந்தப் பசங்க ஒரு ஞானமும் இல்லாம எல்லாத்தையும் பிரிச்சு, தேதிவாரியா அடுக்கி, பேர் எழுதி வச்சுட்டாங்க. மன்னிக்க முடியாத குத்தம். நாங்க பழையபடி கொண்டுவந்துக்கிட்டிருக்கோம். எழுபது சதவீதம் முடிஞ்சுது."

"அந்தத் தண்ணி?"

"பழைய ஈரம். அளவு பாத்துத்தான் தெளிக்கறோம்."

வௌவால்களுக்கும் ஏற்பாடு நடந்திருந்தது. டெண்டர் விட்டு, கடற்கரைப் பக்கத்திலிருந்து நாற்பது வௌவால் வந்து இறங்கியது. ஆனால் அவை இந்தக் கட்டடத்தில் முன்பு வாழ்ந்த வௌவால்களின் வாரிசுகள்தான் என்பதற்குச் சான்று இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டன. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார் இயக்குநர்.

"என் தம்பி அட்டை எங்க?"

"வடகிழக்கு மூலை, மூணாவது அடுக்கு. அதோ, அந்த நீலக் கோப்புக்குக் கீழ ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. அதான் உங்க தம்பி." இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. "இவ்வளவு துல்லியமா உலகத்துல எந்தக் குவியலப்பத்தியும் யாராலயும் சொல்ல முடியாது."

பழுப்பேறிய ஒரு முனை. பிறந்தநாள் வாழ்த்தட்டையின் மூலையளவுதான் தெரிந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் கையை நீட்டி எடுத்துவிடலாம். ஒத்தீலியா தன்னை அறியாமல் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். நாற்பது வருஷத்தில் அவனுக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததில்லை. ஒரு சிப்பந்தி வந்து அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தான்.

"எடுத்துக் குடுங்க ஐயா. கும்பிட்டுக் கேக்கறேன்."

"எடுத்தா மேல இருக்கறது சரிஞ்சிரும். அப்பறம் அந்த ஒரு அட்டைக்காக மூணு மாசம் மறுபடி குவிக்கணும். நாட்டோட நினைவு பெருசா, உங்க ஒருத்தரோட நினைவு பெருசா, நீங்களே சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் பிள்ளைகள் எடுத்துவைத்த படம் இருக்குமே என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அது உண்மை நகல் என்று சான்று கொடுக்க அசலோடு ஒப்பிட வேண்டும்; ஒப்பிட அசலை உருவ வேண்டும்; உருவினால் குவியல் கலையும். அதற்கும் விதியில் ஒரு வழி இருந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருந்தால், அவரே படத்தைப் பார்த்து 'ஆமாம், என் கையெழுத்துதான்' என்று சொன்னால் போதும்.

"அதுக்கு ரொம்ப அலைய வேண்டியதில்ல," என்றார் பாயிஸ். "அவர் நம்ம ஆலோசனக் குழுவுலதான் இருக்கார். இந்தக் காகிதங்களப்பத்தி அவரவிட விவரம் தெரிஞ்சவர் நாட்டுலயே கெடையாது. பாதி அவர் எழுதுனதுதான?"

முன்னாள் கமிஷனர் சாந்திசோ வீட்டுக் காவலில் இருந்தார். பண்பாட்டுப் பணிக்கு மட்டும் வாரம் இருமுறை வெளியே வர அனுமதி. வியாழக்கிழமை ஆலோசனை அறையில் சக்கர நாற்காலியில், முழங்காலுக்குச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒத்தீலியா உள்ளே வந்ததும் எழுந்திருக்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். இந்த ஆளை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். மீசையில் பிஸ்கட் தூளோடு ஒருநாளும் நினைத்ததில்லை.

அட்டையின் படத்தில் கையெழுத்து இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கி அவர்முன் வைத்தார்கள். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஆகா! பாருங்க அந்தச் சுழிய. மை ஊத்துற பேனா. ஒரு நாளைக்கு முப்பது அட்ட, நாப்பது அட்ட போடணும். ஒண்ணுல ஒரு கோணல் கண்டுபிடிங்க பாப்போம்! இப்ப கை நடுங்குது."

"அப்ப அது உங்க கையெழுத்துதானா?" என்று ஒத்தீலியா கேட்டாள்.

"பின்ன? எவனால போட முடியும் இத?"

"என் தம்பிய ஞாபகம் இருக்கா? இருபது வயசு. அச்சாபீசுல வேல பாத்தான். விரல்ல எப்பவும் மை ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"அம்மா, நான் கையெழுத்துப் போடற எடத்தத்தான் பாப்பேன். மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சா கையெழுத்துக் கெட்டுப்போயிரும்." பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார். "குடுங்க, தாராளமாக் குடுங்க. எனக்கு ஆட்சேபன இல்ல. ஆனா அந்தப் பையனோட அந்தரங்கத்த நாம காப்பாத்தணும். எங்க காலத்துல அதுக்கு எவ்வளவு மரியாத இருந்துச்சு தெரியுமா? யாரப் புடிச்சு வச்சிருக்கோம்னு பெத்தவளுக்குக்கூட மூச்சு விட்டதில்ல. இப்ப என்னடான்னா கண்டவன் கம்ப்யூட்டர்ல பாக்கறான்."

பாயிஸுக்குக் கண் கலங்கியது. அந்த வாக்கியத்தைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்றார். கூட்டக் குறிப்பில், 'ஆலோசகர் கையெழுத்துக் கலை குறித்தும் தனிமனித உரிமை குறித்தும் உரையாற்றினார்' என்று பதிவானது. அது தன் கையெழுத்து என்று அவர் சொன்னது பதிவாகவில்லை. அது கேள்விக்குப் பதில், உரையில் சேராது.

ஆலோசகரே ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டதால், மே மாதம் ஐந்தாம் தேதி நகல் கிடைத்தது. மிர்சாதான் உட்கார்ந்து தனிநபர் விவரங்களைக் கறுப்பு மார்க்கரால் மறைத்தாள். மூன்று மார்க்கர் தீர்ந்துவிட்டதாம். பெயர், முகவரி, தேதி, பிடித்த இடம், பிடித்தவர்கள், எல்லாம் கறுப்பு. பத்து விரல் ரேகையும் கறுப்பு; ரேகையைவிடத் தனிநபர் விவரம் வேறு எது? சாந்திசோவின் கையெழுத்து அவருக்கே சொந்தமான விவரம், அதுவும் கறுப்பு. தாளின் பின்பக்கம் மட்டும் பளிச்சென்று ஒரு வட்ட முத்திரை: 'அசலுக்கு முற்றிலும் ஒத்தது.'

"கட்டத்துக்கு வெளிய மை போகாம எவ்வளவு பதமாப் போட்டிருக்கேன் பாருங்கம்மா," என்றாள் மிர்சா. அவள் உண்மையிலேயே கஷ்டப்பட்டிருந்தாள். ஒத்தீலியா நன்றி சொன்னாள்.

வீட்டில் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்புக்கு நடுவே நாலு வரி தப்பியிருந்தது. உயரம், ஒன்று புள்ளி ஆறு இரண்டு. முடி, கறுப்பு. பல்வரிசை, முழுமையாக உள்ளது. நாலாவது வரியைப் படித்ததும் அவள் தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து, கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் நல்ல உடுப்பை இஸ்திரி போட்டாள்.

ஒன்பதாம் தேதி காலை. நீதிபதி நகலைக் கையில் வாங்கி ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"இதுல பேரு எங்க?"

"கறுப்புக்குக் கீழ, கனம் நீதிபதி அவர்களே," என்றார் அரசு வழக்கறிஞர், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

"ரேகை?"

"அதுவும் கறுப்புக்குக் கீழ."

"யார் போட்ட கையெழுத்து?"

அரசு வழக்கறிஞர் கடைசிக் கறுப்புக் கட்டத்தை விரலால் காட்டினார். சக்கர நாற்காலியில் சாந்திசோ கண்ணை மூடியிருந்தார். நீதிபதி ஒத்தீலியாவைப் பார்த்தார். மோசமானவர் இல்லை, களைத்துப் போனவர். "அம்மா, இது யார் அட்டையா வேணும்னாலும் இருக்கலாமே. உங்க தம்பிதான்னு நீங்க எத வச்சுச் சொல்றீங்க?"

"நாலாவது வரியப் படிங்க ஐயா."

"அங்க அடையாளம்: இடது புருவத்தின் மேல் பழைய தழும்பு, சாய்வாக."

"அது நான் போட்டது," என்றாள் ஒத்தீலியா.

அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். "எனக்கு ஒம்போது வயசு. அவனுக்கு அஞ்சு. புனிதர் திருநாளுக்கு விடறதுக்குப் பட்டம் ஒட்டி வச்சிருந்தேன், பத்து நாளு உக்காந்து ஒட்டுனது. இவன் மேல ஏறி நின்னுட்டான். கையில கெடச்ச கல்லத் தூக்கி வீசிட்டேன். இதோ இந்த எடத்துல, எலும்பு தெரிய. அம்மா காப்பித்தூள வச்சு அமுக்குனா. அதான் அந்தத் தழும்பு சாய்வா, கறுத்துப்போயி இருக்கும். உலகத்துல வேற யாருக்கும் அது கெடையாது. அது என் தம்பி ஐயா. அவன அவங்க கையில வச்சிருந்திருக்காங்க. புருவம் வரைக்கும் உத்துப் பாத்திருக்காங்க."

அரசு வழக்கறிஞர் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். நீதிபதி தாளின்மேல் குனிந்து, கறுப்புக்கு நடுவிலிருந்த அந்த ஒரு வரியை விரலால் தொட்டார். அந்தக் கணத்தில் ஒத்தீலியா நம்பிவிட்டாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு அரசாங்க மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, தான் சொன்னதை ஒருவர் கேட்டுவிட்டார் என்று முழுசாக நம்பினாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, ஐந்து வயதுக் குழந்தையைக் கல்லால் தாக்கி ரத்தக்காயம் ஏற்படுத்தியதை இந்த அம்மா சத்தியப் பிரமாணத்தின்மேல், யாரும் வற்புறுத்தாமல், தாமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். குழந்தைகளுக்கு எதிரான வன்முறையை இந்த நீதிமன்றம் கேட்டும் கேளாமலும் விடமுடியாது. முதலில் இதைப் பதிவுசெய்ய வேண்டுகிறேன்."

நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வக்கீல் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்ட குற்றத்தை முடித்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ளாத குற்றத்துக்குப் போக முடியும். எழுத்தர் புதுப் படிவம் ஒன்றைத் திறந்தார்.

"தாக்கியவர் பேரு?"

"ஒத்தீலியா சிகாய்."

"ஆயுதம்?"

"கல்லு."

"தாக்கப்பட்டவர் பேரு?"

"ருபேலியோ சிகாய்," என்றாள். எழுத்தர் தட்டெழுதும் வேகம் பார்த்து, நிறுத்தி, இன்னொருமுறை சத்தமாகச் சொன்னாள். "ருபேலியோ சிகாய். முழுசா அடிங்க. கறுப்பு அடிக்காதீங்க."

"தாக்கப்பட்டவர் இப்ப எங்க இருக்காரு? நேர்ல வந்து புகார உறுதிப்படுத்தணும்."

ஒத்தீலியா சக்கர நாற்காலியைக் கையால் காட்டினாள். "அத அவரக் கேளுங்க."

வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி பெருமூச்சு விட்டார். "அம்மா, கல்லெறிஞ்ச விவகாரத்துல அவர் சம்பந்தப்பட்டவர் இல்ல. அவர அதுல இழுக்க முடியாது."

"அவன் எங்கன்னு அவருக்குத்தான தெரியும்!"

"கட்டத்தக் காலியா விட முடியாதும்மா," என்றார் எழுத்தர் மெதுவாக. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே ஒரு வாக்கியம் அடித்தார். நீதிபதி அதை வாசித்தார்: 'பாதிக்கப்பட்டவர் தரப்பில் புகார் எதுவும் இல்லை.' புகார் இல்லாததால் ஒத்தீலியா விடுவிக்கப்பட்டாள்.

அதன் பிறகு சாந்திசோவின் வழக்கை எடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர் அதே ஆள்தான் என்று அரசுத் தரப்பே சொல்வதால் புதிதாக விசாரிக்க ஒன்றுமில்லை. எழுத்தர் மேலே அடித்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக் கீழேயும் ஒட்டினார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அரசு வழக்கறிஞர் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இன்னும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தது.

விடுதலை பெற்றவர்கள் இருவரும் வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாந்திசோ சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி, பெண்கள் முதலில் என்று கையைக் காட்டினார். ஒத்தீலியா பேனாவை வாங்கி, நடுங்காமல் போட்டாள்.

பதிவேட்டை வைத்திருந்த காவலாளி வயதானவன். நடந்தது முழுக்க அவன் காதில் விழவில்லை. யாரோ சொன்னதை வைத்து, அவளுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னான்.

"அதிர்ஷ்டக்காரிம்மா நீங்க. தம்பி உங்க மேல புகார் குடுக்கலியாமே."

"குடுக்க மாட்டான்," என்றாள் ஒத்தீலியா. "கல்லு பட்டு ரத்தம் கொட்டுனப்பவும் அம்மாகிட்ட, கால் தடுக்கி விழுந்துட்டேன்னுதான் சொன்னான். அம்மா அடிச்சுக்கூடக் கேட்டா. அப்பவும் என் பேரச் சொல்லல."